காலையில் தாழ்ந்து நிற்கும் கார்

மாணவர்களே, பழைய கார் வாங்குவோர் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார்கள். கதவுகளைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். பெரிய சொகுசு எஸ்.யூ.வி. வண்டியானால் இவை மட்டும் போதா. மாலையில் அது நின்ற உயரத்தையும் மறுநாள் காலையில் நிற்கும் உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா?

சாதாரணக் காரின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்குவது எஃகுச் சுருள்வில். பிரிட்டனின் ரேஞ்ச் ரோவர் வண்டிகள் சிலவற்றில் 1992-இல் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் வந்தன. பின்னர் வேறு பல சொகுசு வண்டிகளிலும் இம்முறை பரவியது. கரடுமுரடான வழியில் வண்டியை உயர்த்தலாம். நல்ல சாலையில் தாழ்த்தலாம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வண்டி 2,400 கிலோகிராம் என்றால் ஒரு பையின் பங்கு 600 கிலோகிராம். அதாவது ஏறத்தாழ 6,000 நியூட்டன் விசை. பையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட 6 வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தில் இருக்க வேண்டும். இரவும் பகலும் இந்த அழுத்தத்தைத் தாங்கும் ரப்பர், ஒவ்வொரு குலுக்கலிலும் மடிந்து விரிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மடிப்பில் வெடிப்பு விழுகிறது. காற்று மெல்லக் கசிகிறது.

கசிந்ததை ஈடுசெய்ய, வண்டியிலுள்ள சிறு கம்ப்ரஸர் மீண்டும் மீண்டும் ஓடுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவீர்கள். அதே சூடுதான் இங்கும். சற்று நேரமே ஓடுவதற்காகச் செய்த கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, பிஸ்டன் வளையம் தேய்ந்து, கடைசியில் பழுதாகிறது. வாங்கியவர் புதிய கம்ப்ரஸர் பொருத்துகிறார். பையை மாற்றாததால் அதுவும் விரைவில் அதே கதியை அடைகிறது! குற்றவாளி ஒருவன், தண்டனை வேறொருவனுக்கு.

இனி அளவீடு. டயரின் காற்று குறைந்தாலும் கணக்குத் தவறும். ஆகவே தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே கசிவு என்று கொள்ளலாம். நான்கும் சிறிதளவே தாழ்ந்திருந்தால்? அவசரப்படாதீர்கள். மாலையில் 27 டிகிரி செல்சியஸ், காலையில் 6 டிகிரி என்றால் தனி வெப்பநிலை 300-லிருந்து 279 ஆகிறது. எடை மாறாததால் அழுத்தமும் மாறாது. சார்லஸ் விதிப்படி பருமன் 7 சதவீதம் சுருங்கும். 20 சென்டிமீட்டர் காற்று நிரல் 1.4 சென்டிமீட்டர் குறையும். இது பழுதன்று. பல சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் மட்டும் ஐயுற வேண்டும். ஏனெனில் சில வண்டிகளில், ஒரு மூலை கசிந்து இறங்கினால் மற்ற மூன்றையும் மின்னணுக் கருவியே இறக்கிச் சமப்படுத்திவிடும். அப்போது சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதே வழி.

செலவுக்கு அஞ்சிப் பைகளைக் கழற்றிவிட்டுச் சுருள்வில்லையே பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. இயற்பியல் ஆசிரியனான எனக்கு அதில் சற்று வருத்தம்தான். பணம் கொடுக்கிறவருக்கு இருக்காது.

இன்னும் ஒன்று. வாங்குபவர் வருமுன் விற்பவர் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிவிட்டால், தாழ்ந்த வண்டி நிமிர்ந்துவிடும். ஆகவே முதலில் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.