சொந்தமில்லாத சொந்தம்

கொட்டகலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி இருபத்தாறு வருடங்களாகின்றன. மெண்டலின் பட்டாணிச் செடிகளை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைகிறேன். ஆனால் என் தங்கை கேட்ட ஒரு கேள்விக்கு அந்தக் கரும்பலகையில் பதில் இருக்கவில்லை.

அவளுடைய இளைய மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பரிசோதனை அறிக்கையில், ஒரு பரம்பரையலகின் இரண்டு பிரதிகளிலும் ஒரே மாற்றம் இருப்பதாக எழுதியிருந்தது. உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று. அறிக்கையை மடித்து வைத்துவிட்டுத் தங்கை கேட்டாள்:

“நாங்க சொந்தத்துல முடிக்கல்லையே நானா. அவர் யாரோ, நான் யாரோ. பொறகு எப்படி ரெண்டு பேருக்கிட்டயும் ஒரே குறை வந்த?”

அதற்குள் குடும்பத்தில் சிலர் பழியை அவள் தலையில் போட்டு முடித்திருந்தார்கள்.

பதிலைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஒரு தமிழ் விஞ்ஞானியின் நீண்ட கால உழைப்பு. அவர் பெயர் குமாரசாமி தங்கராஜ். ஹைதராபாத்திலுள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் லால்ஜி சிங்குடன் சேர்ந்து பணியாற்றியவர். 2005இல் அந்தமான் தீவுகளின் பழங்குடிகள் பற்றிய இவரது ஆய்வு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. அவர்கள் பல்லாயிரம் ஆண்டுகள் தனித்தே வாழ்ந்த மக்கள் என்பதை, உம்மா வழியாக மட்டுமே இறங்கி வரும் டி.என்.ஏ.யை வைத்து அது காட்டியது.

அடுத்த கட்டத்தில் ஆய்வுகூடம் மட்டும் போதவில்லை, கணினியும் கணிதமும் தேவைப்பட்டன. மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் இருக்கின்றன. 2,800 பேரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டால் 39 இலட்சத்துக்கும் மேற்பட்ட சோடிகள் வரும். கையால் பார்க்கிற வேலையா அது? தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக்குடன் கைகோத்தார். அந்தக் குழுவில் நிக் பாட்டர்சன் என்ற கணிதவியலாளரும் இருந்தார். முன்பு பிரித்தானிய உளவுத்துறைக்காக இரகசியக் குறியீடுகளை உடைத்துக்கொண்டிருந்தவர். 2009இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இவர்களது கட்டுரை, இந்தியாவின் 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்தது. 2013இல் வந்த இன்னோர் ஆய்வு, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த மண்ணின் மக்கள் பரவலாகக் கலந்தார்கள் என்றும், அதன் பிறகு தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது என்றும் கண்டது.

தங்கைக்கான பதில் 2017ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தது. அதன் உத்தி எளிது. ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. துண்டு துண்டாகக் கலைக்கப்படுகிறது, சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல. இரண்டு பேரிடம் ஒரே மாதிரியான நீண்ட துண்டு கலையாமல் இருந்தால், இருவருக்கும் பொதுவான மூதாதை ரொம்பத் தூரத்தில் இல்லை என்று பொருள். கணினி இந்தத் துண்டுகளைத் தேடி அளந்தது. தனித்தனியாகக் கணக்கிட்ட 263 தெற்காசியச் சமூகங்களில் 81இல், இந்த நெருக்கம் பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாஸி யூதரிடமும் உள்ளதைவிட வலுவாக இருந்தது. அவற்றில் 14 சமூகங்கள், பத்து இலட்சத்துக்கு மேல் ஆட்தொகை உள்ளவை.

இதை எங்கட மலைநாட்டு ஆட்களுக்கு விளக்குவது இலேசு. விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதம். வி.பி. மலையிலோ ஒரு தாய்ச்செடியின் குச்சிகள்தான் முழு மலையும். தாயின் பலமும் பலவீனமும் எல்லாச் செடிக்கும் ஒன்றே. சில குடும்பங்களிலிருந்து பெருகி, தமக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்த மனிதச் சமூகம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ஆரம்பத் தாய்மார் சிலரே.

ஆந்திரப் பக்கத்து வைசிய வணிகர்கள் முப்பது இலட்சம் பேருக்கு மேல். அவர்களில் சிலருக்கு, சத்திரசிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து ஆபத்தாகிறது. அதைச் சிதைக்கும் நொதியம் அவர்களிடம் போதாது. மற்றவர்களைவிட இந்தக் குறை அங்கே சுமார் நூறு மடங்கு அதிகம்.

எங்கள் குடும்பத்தையும் யோசித்துப் பார்த்தேன். மூத்தவாப்பா காலத்தில் வியாபாரத்துக்காக மலையேறி வந்தவர்கள் கொஞ்சக் குடும்பங்கள். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் தேடியதெல்லாம் அதே நாலைந்து ஊர்களில். மச்சானும் தங்கையும் சாச்சா பிள்ளையோ மாமி பிள்ளையோ அல்ல. ஆனால் ஐந்தாறு தலைமுறை பின்னால் போனால், இரண்டு வழியும் ஒரே வாசலுக்குப் போகக்கூடும். ‘சொந்தமில்லை’ என்று நாம் சொல்வது நம் ஞாபகம் எட்டும் தூரம் வரைக்கும்தான்.

பழி யாருக்கும் இல்லை என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இது பின்னிடைவான இயல்பு. ஒரு பிரதி மட்டும் மாறியிருப்பவர் முழுச் சுகத்தோடு வாழ்வார், அவருக்கே அது தெரியாது. அப்படிப்பட்ட இருவர் முடித்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் குறை வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உம்மாவின் பங்கும் வாப்பாவின் பங்கும் சரி பாதி. பெண்ணை மட்டும் குற்றம் சொல்ல விஞ்ஞானத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

வழி என்ன? சவூதி அரேபியாவில் 2004 முதல், நிக்காஹ்வுக்கு முன் தலசீமியாவுக்கும் அரிவாளுருக் கலச் சோகைக்கும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். முடிவு எப்படி வந்தாலும் திருமணத்தை அரசு தடுப்பதில்லை. தெரிந்துகொண்டு தீர்மானிக்கச் சொல்கிறது. நம் நாட்டிலும் தலசீமியாக் காவியா என்று இரத்தத்தைச் சோதித்து அறியலாம். சாதகம் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை. சீர்வரிசை பேச மட்டும் நாலு தடவை கூடுகிறோம். அதில் ஒரு நாளை இரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்கினால் என்ன?

தங்கையின் மூத்த மகனுக்கு இப்போது சம்பந்தம் பேசுகிறார்கள். பெண், அதே நாலைந்து ஊர்களில் ஒன்றுதான். பெண் வீட்டாரிடம் அறிக்கையைக் காட்டி, “ரெண்டு பிள்ளைகளும் டெஸ்ட் ஒண்டு எடுப்பம்” என்று தங்கையே சொன்னாள். பெண்ணின் வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கட மூத்தவளுக்கும் அப்பவே இதச் செஞ்சிருக்கலாம்” என்றார்.