காடியில் ஓடும் கார்கள்

தில்லிக்காரர்களுக்குக் கார் பந்தயம் என்றால் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்வதேசத் தடம்தான். 5.125 கி.மீ. நீளம், 16 வளைவுகள். 2011 முதல் 2013 வரை அங்கே ஃபார்முலா ஒன் நடந்தது. மூன்று முறையும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். அதோடு சரி.

வளைவில் காரைக் கவிழாமல் கொண்டுபோகும் வித்தையைக் கற்க அத்தனை பெரிய தடம் தேவையில்லை. மரப்பலகையில் காடி வெட்டி, இருபுறமும் செப்பு நாடா ஒட்டி, 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் போதும். 1957-ல் இங்கிலாந்தில் ஃப்ரெட் ஃபிரான்சிஸ் ஸ்கேலக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்லாட் கார்களின் தத்துவம் இதுதான். காரின் மூக்குக்கு அடியில் ஒரு சிறு துடுப்பு காடிக்குள் ஓடும். ஸ்டியரிங் கிடையாது, கையில் இருப்பது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை மட்டுமே.

கடையில் விற்கும் பல கார்களின் வயிற்றில் காந்தம் இருக்கும். தடத்தின் இரும்பை அது பற்றிக்கொள்வதால் மோசமான காரும் சமர்த்தாக ஓடும். செப்பு நாடாவில் அந்த ஜம்பம் பலிக்காது. ரப்பரும் எடையும்தான் கதி.

சாமான்களுக்குப் பழைய தில்லி போதும். சாவ்ரி பஜாரில் பித்தளைத் தகடு. செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் குட்டி மோட்டார். தகட்டை வெட்டி எஃகுக் கம்பியைப் பற்றவைத்தால் அடிச்சட்டம் தயார். கண்ணாடி மேல் வைத்தால் ஆடாமல் உட்கார வேண்டும்.

நிஜமான வேலை இனிமேல்தான். பின் டயரைச் சுழலவிட்டு உப்புத்தாளில் தேய்த்து வட்டமாக்குவார்கள். முன் டயருக்கோ நகப்பாலிஷ்! திருப்புவது துடுப்பு, முன் சக்கரம் தரையைப் பிடித்தால் அது இடைஞ்சல். கார் வளைவில் குப்புறக் கவிழ்ந்தால் எடை உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஈயத் துண்டுகளைத் தாழ்வாக, ஓரங்களில் ஒட்ட வேண்டும். மூக்கு எழும்பினால் துடுப்புக்குப் பின்னால் கொஞ்சம் ஈயம். வால் வீசினால் பின் டயரைக் கவனிக்க வேண்டும். ஈயம் மிஞ்சினால் கார் மந்தமாகிவிடும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், பிறகு கடிகாரத்தோடு பத்துச் சுற்று. இரண்டை ஒன்றாக மாற்றுகிறவருக்கு எது பலித்தது என்று தெரியப்போவதில்லை.

விளையாட்டுதானே என்று தள்ளிவிட முடியாது. தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஐ.ஐ.டி.யிலும் மாணவர்கள் நிஜப் பந்தயக் காரையே செய்கிறார்கள். அங்கும் இதே தலைவலிதான்: எடை எங்கே, டயர் பிடிக்கிறதா? ஆனால் அந்தக் காருக்குள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பற்றவைப்பையும் பொறுமையையும் பள்ளி வயதிலேயே பித்தளையில் பழகியிருந்தால் நல்லது.

இடம்தான் சிக்கல். அடுக்குமாடி வீட்டில் எட்டடிப் பலகையை எங்கே போடுவது? இரண்டு துண்டாகச் செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளலாம். இணைப்பில் காடி மயிரிழை பிசகினாலும் துடுப்பு தட்டும்; அதையும் உப்புத்தாளால்தான் சரிசெய்ய வேண்டும்.