சில்லு செதுக்கும் அயனிகள்

கணினிச் சில்லுகளில் உள்ள நுண்ணிய பள்ளங்கள் பிளாஸ்மாவால் செதுக்கப்படுகின்றன. குறைந்த அழுத்தத்தில் வாயு நிரம்பிய அறையில், இரு மின்முனைகளுக்கு இடையே ரேடியோ அதிர்வெண் மின்னழுத்தம் கொடுத்தால் வாயுவின் ஒரு பகுதி எலக்ட்ரான்களாகவும் நேர்மின் அயனிகளாகவும் பிரிந்து பிளாஸ்மா ஆகும். தொழிற்சாலைகளில் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பயன்படுகிறது. தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசை அது.

அயனிகளின் பங்கை 1979-இல் கோபர்ன், விண்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினர். செனான் டைஃப்ளூரைடு வாயு தனியாகவும், ஆர்கான் அயனிகள் தனியாகவும் சிலிக்கானை மெதுவாகவே அரித்தன. இரண்டும் சேர்ந்தபோது, அவற்றின் தனி வேகங்களைக் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு விரைவாக அரிப்பு நடந்தது. அயனிகள் செங்குத்தாக விழுவதால் பள்ளத்தின் அடி ஆழமாகும், பக்கச் சுவர் நிலைக்கும். அயனிகளின் ஆற்றல் குறைந்தால் வேலை நடக்காது. மிகுந்தால் சிலிக்கான் படிகம் சிதையும்.

அந்த ஆற்றல் மின்முனையை ஒட்டிய மெல்லிய உறைப்பகுதியில் கிடைக்கிறது. ஆர்கான் அயனி எலக்ட்ரானைவிடச் சுமார் 73,000 மடங்கு கனமானது. இலேசான எலக்ட்ரான்கள் முந்தி அறைச் சுவரையும் மின்முனைகளையும் அடைவதால், பிளாஸ்மா அவற்றைவிட நேர்மின்னழுத்தம் பெறுகிறது. இந்த வேறுபாடு அயனிகளை அவற்றை நோக்கி முடுக்குகிறது. மின்முனைகளில் ஒன்று சிறியதாக இருந்து, மின்தேக்கி வழியே இணைக்கப்பட்டால், அதில் எதிர்மின் சார்பழுத்தம் (நிலையான எதிர்மின்னழுத்தம்) தானாக உருவாகி அயனிகளின் ஆற்றலைக் கூட்டும். உறைப்பகுதியில் நிகழும் மோதல்கள் அதைக் குறைக்கும். அதனால் வாயு அழுத்தமும் முக்கியம்.

ஒரே அதிர்வெண்ணில் மின்னழுத்தத்தை உயர்த்தினால் அயனிகளின் எண்ணிக்கையும் ஆற்றலும் சேர்ந்தே உயரும். இரண்டையும் பிரித்து ஆள்வதே பொறியாளர்களின் சவால். ஒரு வழி, இரு அதிர்வெண்களைச் சேர்ப்பது: பல பத்து மெகாஹெர்ட்ஸ் அலை முக்கியமாகப் பிளாஸ்மாவின் அடர்த்தியையும், சில மெகாஹெர்ட்ஸ் அலை அயனி ஆற்றலையும் தீர்மானிக்கும். மற்றொரு வழியில், சுருள் ஒன்று பிளாஸ்மாவை உண்டாக்க, வேஃபர் எனும் சிலிக்கான் தகடு வைக்கப்பட்ட மேடைக்குத் தனி மின்னழுத்தம் தரப்படும்.

ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள் 2008-இல் இன்னொரு முறையை முன்வைத்தனர். 13.56, 27.12 மெகாஹெர்ட்ஸ் அலைகளை ஒரே மின்முனையில் செலுத்தி, அவற்றின் கட்ட வேறுபாட்டை மாற்றினால் சார்பழுத்தம் மாறும். அயனிகளின் வரத்து ஏறக்குறைய அப்படியே இருக்க, ஆற்றல் மட்டும் கூடும் அல்லது குறையும்.

சராசரி ஆற்றலோடு அதன் பரவலும் கவனிக்கப்படுகிறது. குறைந்த அதிர்வெண்ணில், அயனி உறைப்பகுதியைக் கடக்கும் கணத்தில் நிலவும் மின்னழுத்தத்துக்கு ஏற்பவே ஆற்றல் பெறும். எனவே பரவல் அகன்று இரு உச்சங்கள் தோன்றும். உயர் அதிர்வெண்ணில் அயனி சராசரி மின்னழுத்தத்தையே உணர்வதால் பரவல் குறுகும். தேவைக்கேற்ப வடிவமைத்த மின்னழுத்த அலைகளாலும் அயனிகளை ஏறக்குறைய ஒரே ஆற்றலில் விழச் செய்யலாம்.

அணு அடுக்குச் செதுக்கலுக்கு இத்துல்லியம் இன்றியமையாதது. அதில் குளோரின் படிந்த மேலடுக்கை மட்டும் ஆர்கான் அயனிகள் பெயர்த்தெடுக்க வேண்டும். அடியிலுள்ள சிலிக்கானைத் தொடக்கூடாது. மேலடுக்கைப் பெயர்க்கத் தேவையான அளவுக்கும் அடி அடுக்கைத் தொடும் அளவுக்கும் இடையில் ஆற்றல் நின்றால்தான் அடுக்கடுக்காகச் செதுக்குவது சாத்தியமாகிறது.