‘கிரெடிட்’ என்றால் என்ன?

மேகமலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவரானாலும், சின்னமனூரில் மாடு வளர்ப்பவரானாலும், பேங்குக்குப் போனால் நம் காதில் விழும் வார்த்தை ‘கிரெடிட்’. இது எங்கிருந்து வந்தது?

பழைய ரோமாபுரியின் லத்தீன் மொழியில் ‘க்ரேதோ’ என்றால் ‘நம்புகிறேன்’ என்று அர்த்தம். அந்த வேரில் முளைத்ததுதான் இங்கிலீஷின் கிரெடிட், ஜெர்மனின் க்ரெடிட், இத்தாலியின் க்ரெதிதோ எல்லாம். நம் தமிழிலோ ‘கடன்’ என்றால் கடமை என்றும் பொருள். கொடுப்பவருக்கு நம்பிக்கை, வாங்குபவருக்குக் கடமை.

1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. இன்று குழுவுக்கு 10 லட்சம் ரூபாய் வரை தரும் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. பிறகு எதை நம்பித் தர்றாங்க? நாம் தவறாமல் கூடும் கூட்டத்தை, சேமிப்பை, கட்டும் தவணையை, தீர்மான நோட்டை!

ஆகவே, தவணை கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளியாதீங்க. கூட்டத்தில் சொல்லுங்க, சேர்ந்து வழி பார்ப்போம். வாசித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீங்க.

ஒன்று மறக்க வேண்டாம். சேமிப்புப் பாஸ்புக்கில் ‘கிரெடிட்’ என்று இருந்தால் அது கடன் அல்ல, நம் வரவு. அங்கே வங்கியை நம்பியது நாம்!