உத்தரவாதம் சலுகையன்று: பழுதான மின்சார வண்டியும் நுகர்வோர் உரிமையும்

பெட்ரோல் செலவைக் குறைக்கவும், நகரங்களின் காற்று மாசைத் தடுக்கவும், இறக்குமதி எண்ணெயை நாடு சார்ந்திருக்கும் நிலையைத் தளர்த்தவும் மின்சார இருசக்கர வண்டிகளுக்கு அரசு ஊக்கமளித்து வந்துள்ளது. 2019 ஆகஸ்டு 1 முதல் மின்சார வாகனங்களின் மீதான சரக்கு சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரை நடைமுறையில் இருந்த ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், வாங்குவோருக்கு விலையில் மானியம் கிடைத்தது. அதன் தொடர்ச்சியாக 2024 அக்டோபர் 1 அன்று, ரூ.10,900 கோடி ஒதுக்கீட்டில் பி.எம். இ-டிரைவ் திட்டம் தொடங்கப்பட்டது.

ஆனால், வண்டி விற்பனையாவதோடு இத்திட்டங்களின் நோக்கம் நிறைவேறி விடுவதில்லை. விற்ற வண்டி நாள்தோறும் சாலையில் ஓடினால்தான் எண்ணெயும் மிச்சமாகும், காற்றும் தூய்மையாகும். பழுதாகிப் பணிமனையில் கிடக்கும் வண்டியால் வாங்கியவருக்கும் பயனில்லை, நாட்டுக்கும் பயனில்லை.

நாகபுரியில், வீடு வீடாகப் பொட்டலங்களைக் கொண்டு சேர்த்துப் பிழைக்கும் ஒருவர் கடன் பெற்று மின்சார வண்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை மின்னேற்றம் செய்தால் 80 கிலோமீட்டர் ஓட வேண்டிய வண்டி, மூன்றாம் வாரத்திலேயே 30 கிலோமீட்டரில் நின்று விடுகிறது. உற்பத்தியாளரிடமிருந்து உதிரிப் பாகம் வர வேண்டும் என்கிறார் விற்பனையாளர். விற்பனையாளரையே அணுகுமாறு கூறுகிறது உற்பத்தியாளரின் தொலைபேசி மையம். பாட்டரி வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு என்று இரு தரப்பினரும் சொல்கின்றனர். இதற்கிடையில் வருமானம் நின்று போகிறது. கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. வண்டி முடங்கிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும், உத்தரவாதக் காலத்திலும் ஒரு நாள் கழிந்து கொண்டிருக்கிறது. இந்நிலையில் அவர் செய்யக்கூடியது என்ன?

பழுது எங்கே பிறக்கிறது?

மின்சார வண்டியின் முக்கிய உறுப்புகள் நான்கு: பாட்டரி, மோட்டார், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி, மின்னேற்றி. இவற்றில் விலை மிகுந்தது பொதுவாகப் பாட்டரியே. 48 வோல்ட் வகை லித்தியம் அயனி பாட்டரி ஒன்றில், ஏறத்தாழ 3.6 வோல்ட் அழுத்தமுள்ள மின்கலத் தொகுதிகள் 13 தொடராக இணைக்கப்பட்டிருப்பது வழக்கம். கைக்குக் கை நீர்க்குடத்தை மாற்றும் வரிசையில் ஒருவர் தளர்ந்தால் வரிசை முழுவதும் நின்று விடுவது போல, ஒரு தொகுதி நலிந்தால் பாட்டரி முழுவதும் செயலிழக்கும். நலிந்த தொகுதியின் அழுத்தம் வரம்புக்குக் கீழே இறங்கியதும், பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்து விடுகிறது. மற்ற 12 தொகுதிகளில் மின்சாரம் மிச்சமிருந்தும் வண்டி ஓடாது.

பழுது வேறு இடங்களிலும் நேரலாம். இணைப்பு முனைகளில் மழை நீர் புகுந்தாலும், பிரேக் பிடிக்கும்போது மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு சிக்கிக் கொண்டாலும் வண்டி திடீரென நிற்கும். மேலும், அறிவிக்கப்படும் ஓட்டத் தொலைவு சோதனை நிலைமைகளில் அளந்தது. சுமை, மேடு, வேகம் ஆகியவற்றால் அது ஓரளவு குறைவது இயல்பே. ஆகவே, எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு சுமையுடன், மின்னேற்ற அளவு எத்தனை சதவீதமாக இருந்தபோது வண்டி நின்றது என்பதை நாள்தோறும் குறித்து வைப்பது இன்றியமையாதது. இயல்பான குறைவு எது, உற்பத்திக் குறைபாடு எது என்பதைப் பிரித்துக் காட்ட இக்குறிப்பு பெரிதும் துணை செய்யும்.

பாட்டரி வீங்கினாலோ, அளவுக்கு மீறிச் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ மின்னேற்றம் செய்வதை உடனே நிறுத்த வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மின்சார வண்டிகள் சில தீப்பற்றியதை அடுத்து, ஏ.ஐ.எஸ். 156 என்னும் பாதுகாப்புத் தரம் திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. மின்கலங்கள், பாதுகாப்புச் சுற்று, பாட்டரியின் அமைப்பு ஆகியவற்றுக்கு இத்திருத்தம் கூடுதல் நிபந்தனைகளை விதித்தது.

எழுத்தில் இருப்பதே சான்று

பழுது தோன்றிய முதல் நாட்களே மிக முக்கியமானவை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, பொருளை மறுப்பதாகத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால், வாங்கியவர் அதை ஏற்றுக் கொண்டதாகவே கருதப்படும். எனவே, வாய்மொழிப் புகாருடன் நின்று விடாமல், விற்பனையாளர், உற்பத்தியாளர் ஆகிய இருவருக்கும் ஒரே கடிதத்தைப் அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புவது நலம்.

ஒவ்வொரு முறை வண்டியைப் பணிமனையில் விடும்போதும் ஜாப் கார்டு எனப்படும் பணிச் சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். விட்ட நாள், சொன்ன குறை, கண்டறிந்த பழுது, திரும்பப் பெற்ற நாள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். வண்டி பணிமனையில் இருந்த நாட்களுக்கு ஈடாக உத்தரவாதம் நீட்டிக்கப்படும் என உத்தரவாத அட்டையில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இல்லையெனில், அந்நீட்டிப்பை எழுத்து மூலம் கோரலாம். இரண்டாம் கட்ட ஃபேம் திட்டத்தில், மானியம் பெறும் வண்டிகளுக்குப் பாட்டரி உள்ளிட்டுக் குறைந்தது மூன்றாண்டு உத்தரவாதமும், விற்பனைக்குப் பிந்திய சேவை வசதியும் நிபந்தனைகளாக இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் தரும் பாதுகாப்பு

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. விற்ற பொருளின் குறைபாடு, சேவையில் நேரும் குறைபாடு ஆகிய இரண்டுமே இதன் கீழ் புகாருக்கு உரியவை. வண்டியின் பழுது முன்னதைச் சாரும். உத்தரவாதப் பணியில் காட்டும் தாமதம் பின்னதைச் சாரும். ரசீது தர மறுப்பதும், குறைபாடுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகளாகும்.

நாகபுரித் தொழிலாளி வண்டியைப் பிழைப்புக்குப் பயன்படுத்துவதால் அவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்ற வாதம் எழக்கூடும். வணிக நோக்கத்துக்காக வாங்குவோர் நுகர்வோர் அல்லர் என்று சட்டம் கூறுவது உண்மையே. எனினும், சுயதொழில் வாயிலாகத் தம் வாழ்க்கைக்கு வருவாய் ஈட்டுவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு இவ்விலக்கு பொருந்தாது என்பதையும் அச்சட்டமே தெளிவுபடுத்துகிறது. உழைப்பாளருக்கு இவ்விளக்கம் பெரும் அரணாகும்.

முதற்படியாக, 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். நிறுவனத்துக்குக் கட்டளையிடும் அதிகாரம் இம்மையத்துக்கு இல்லை. ஆனால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் பெற முயல்கிறது. வழக்குக்குப் போகாமலே தீர்வு காண இது ஒரு வாய்ப்பாகும்.

ஆணையத்தை அணுகுதல்

அதிலும் தீராவிடில், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை ரூ.50 லட்சம் வரை உள்ள புகார்களை இவ்வாணையம் விசாரிக்கும். அத்தொகை ரூ.5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. உற்பத்தியாளரின் அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். விற்பனையாளர், உற்பத்தியாளர் ஆகிய இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பதால், ஒருவர் மீது ஒருவர் பழி போட்டுத் தப்பிக்கும் வழி குறுகுகிறது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்.

குறைபாட்டைச் சோதனையின்றி அறிய முடியாதபோது, ஆணையம் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வகம் 45 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். சோதனை தேவையில்லாத வழக்குகளை 3 மாதங்களிலும், தேவைப்படும் வழக்குகளை 5 மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் பல வழக்குகள் இவ்வரம்பைத் தாண்டுவது உண்டு. நாட்கூலியை நம்பி வாழ்பவருக்கு இத்தாமதம் பெருஞ்சுமை என்பதை மறுக்க இயலாது. இரு தரப்பினரும் இசைந்தால் சமரச முறையில் தீர்வு காணவும் சட்டம் வகை செய்திருக்கிறது.

குறைபாட்டை நீக்கவும், புதிய வண்டி தரவும், விலையை வட்டியுடன் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, ரூ.25,000 முதல் ரூ.1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பழுதான பாட்டரியால் உடலுக்கோ, பிற உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால், பொருள் பொறுப்பு பற்றிய அத்தியாயத்தின் கீழ் தனியே இழப்பீடு கோரவும் இடமுண்டு.

வாங்குபவரின் கடமை

உரிமையோடு கடமையும் இணைந்தது. பாட்டரியைப் பிரித்துப் பார்ப்பது, வேறு மின்னேற்றியைப் பயன்படுத்துவது, வேகக் கட்டுப்பாட்டை நீக்குவது ஆகியவை உத்தரவாதத்தை இழக்கச் செய்யக்கூடும். வண்டி வாங்குமுன், அருகில் பணிமனை உள்ளதா, உதிரிப் பாகங்கள் எத்தனை நாட்களில் கிடைக்கும் என்று விசாரிப்பது, விலையை விசாரிப்பதைப் போன்றே முக்கியமானது.

உத்தரவாதம் என்பது விற்றவர் மனமுவந்து அளிக்கும் சலுகையன்று. வாங்கியவர் செலுத்திய விலைக்குள் அடங்கிய ஒரு பகுதி. நாகபுரித் தொழிலாளியின் கையில் ரசீது, நாட்குறிப்பு, பணிச் சீட்டுகள், புகார்க் கடிதத்தின் நகல் ஆகிய நான்கும் இருந்தால், அவர் யாரிடமும் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை. அவருடைய வண்டி மீண்டும் சாலைக்கு வரும் நாளில்தான், தூய போக்குவரத்துக்காக நாடு செலவிட்ட பணமும் பயன் தரத் தொடங்கும்.