குந்திதேவி எந்த ஊர்?

‘கர்ணன்’ படத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் மைசூரில் இருக்க முடியாது. 1964ல் வந்த படம். 2012ல் புதுப்பித்து மறுபடி திரையிட்டபோதும் நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. சிவாஜியைத் தெரியும், கண்ணனாக வந்த என்.டி.ராமராவைத் தெரியும், தேவிகாவையும் சாவித்திரியையும் தெரியும். பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்டுவிட்டு, அவன் வளர்ந்து நிற்கும்போது அவனிடமே வரம் கேட்க வரும் குந்தியைத் தெரியுமா என்று கேட்டால், “அந்த அம்மாவா? நிறையப் படத்தில் அம்மாவாக வருவாரே!” என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அந்த அம்மாவின் பெயர் எம்.வி.ராஜம்மா. பழைய மைசூர் சமஸ்தானத்தில் பிறந்த கன்னடப் பெண்மணி. கன்னடத் திரையுலகின் முதல் பெண் தயாரிப்பாளர் அவர்தான். நமக்குத் தாயாகப் பழகிப்போன முகம், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொந்தமாகப் படமெடுத்த முதலாளியின் முகம் என்பது நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாடக மேடையிலிருந்து

1930களில் நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறுவது சாதாரண விஷயமல்ல. தமிழ்நாட்டில் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களே சேலை கட்டிக்கொண்டு நாயகியாக நின்ற காலம் அது. கன்னட நாட்டில் குப்பி வீரண்ணா போன்றவர்கள் பெண்களையே மேடைக்குக் கொண்டுவந்தார்கள் என்றாலும், நடிகை என்றால் ஊரார் ஒரு மாதிரியாகப் பார்க்கும் வழக்கம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அப்படிப்பட்ட நாளில் நாடகத்துக்கு வந்தவர் ராஜம்மா.

1936ல் எச்.எல்.என்.சிம்ஹா இயக்கிய ‘சம்சார நௌகா’ அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அது மேடையில் பெயர் வாங்கிய நாடகம். அதற்குமுன் வந்த கன்னடப் பேசும் படங்கள் புராணத்தையும் பழங்கதையையும் சுற்றியே இருந்தன. அன்றைய குடும்பத்தைத் திரையில் காட்டிய முதல் கன்னடச் சமூகப் படம் இதுதான். பெரியவர் பேச்சை மீறி, மனதுக்குப் பிடித்தவளை மணந்து அல்லல்படும் இளைஞனின் கதை. அந்த இளைஞனாக நடித்தவர் பி.ஆர்.பந்துலு. அவர் மனைவியாக நடித்தவர் ராஜம்மா. இந்த ஜோடி பின்னாளில் தமிழ்ப் படவுலகத்தில் என்னென்ன செய்யப்போகிறது என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சேலத்தில் ஒரு கதாநாயகி

அன்றைக்கு மைசூர் சமஸ்தானத்துக் கலைஞர்களுக்குப் பிழைப்புக்கு வழி கன்னடத்தில் மட்டும் இல்லை. முதல் கன்னடப் பேசும் படம் ‘சதி சுலோசனா’ 1934ல் வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளில் ஒரு கன்னடப் படம்கூட வெளிவரவில்லை. படமெடுக்க வசதியான ஸ்டூடியோக்கள் மதராஸ், சேலம், கோவையில் இருந்தன. இங்கிருந்து அங்கே போனார்கள். இன்று நாம் வேலைக்காக அங்கிருந்து இங்கே வந்தது போலத்தான்.

ராஜம்மா போனது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு. டி.ஆர்.சுந்தரம் எடுத்து 1940ல் வெளிவந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழ்த்திரையில் ஒரே நடிகர் இரண்டு வேடத்தில் வந்து அமர்க்களப்படுத்திய முதல் பெரிய படம் அது. அதில் கதாநாயகி ராஜம்மா. அதே கதையை 1958ல் சிவாஜியை வைத்து மறுபடி எடுத்தபோது பத்மினி நாயகியானார். பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ‘பழைய உத்தமபுத்திரன்’ என்று சொல்லிப் பாருங்கள். சின்னப்பாவின் வாள்வீச்சைப் பற்றி அரைமணி நேரம் கேட்கலாம். நாயகியின் பெயரை அவர்களாகச் சொல்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

முதல் போட்ட பெண்

இப்போது 1943க்கு வருவோம். ராஜம்மா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்தது. முந்தின ஆண்டு ஏப்ரலில்தான் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பயத்தில் மதராஸ் நகரமே பாதி காலியாகியிருந்தது. கச்சா பிலிம் கப்பலில் வரவேண்டிய சரக்கு. அதற்கு ரேஷன் வந்துவிட்டது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. பெரிய பெரிய முதலாளிகளே கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் ராஜம்மா ‘ராதா ரமணா’ என்ற கன்னடப் படத்தைத் தயாரித்தார். அதில் நடிக்கவும் செய்தார்.

தமிழில் நாயகியாகப் பெயர் வாங்கியவர் தமிழிலேயே முதல் போட்டிருந்தால் வரவு நிச்சயமாக அதிகம். தியேட்டர்கள் அதிகம், பார்க்கும் ஜனம் அதிகம், கடல் கடந்தும் இலங்கை, மலேயா என்று வியாபாரம் உண்டு. கன்னடப் படத்துக்கு இவை எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் தாய்மொழியில்தான் எடுத்தார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்ததுண்டு. வெளியூரில் சம்பாதிப்பவன் சொந்த ஊரில் ஒரு கிணறு வெட்டுவான், கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் கொடுப்பான். ராஜம்மா செய்தது அந்த வகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடிகைக்கும் தயாரிப்பாளருக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பெண்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். நடிகையை யாரோ ஒருவர் கூப்பிட வேண்டும். எந்த வேடம், எவ்வளவு சம்பளம், எப்போது போதும் என்பதையெல்லாம் இன்னொருவர் முடிவு செய்வார். தயாரிப்பாளர்தான் மற்றவரைக் கூப்பிடுகிறவர். நஷ்டம் வந்தால் அவர் தலையில்தான் விழும். ஆனால் முடிவு அவர் கையில்.

ராஜம்மா இதில் தனி ஆளல்ல. திருவையாற்றில் பிறந்த டி.பி.ராஜலட்சுமி, 1931ல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியாக வந்தவர், 1936லேயே ‘மிஸ் கமலா’ படத்தைத் தானே எழுதி, தயாரித்து, இயக்கினார். பம்பாயில் தேவிகா ராணி, கணவர் 1940ல் காலமானபின் பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தையே ஏற்று நடத்தினார். பானுமதி அம்மையார் கணவரோடு சேர்ந்து பரணி பிக்சர்ஸ் கண்டு, 1953ல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கினார். அமெரிக்காவில் மேரி பிக்ஃபோர்டு 1919ல் சாப்ளின் முதலானவர்களோடு சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். எந்த நாடாக இருந்தாலும் காரணம் ஒன்றுதான். நடிக்க மட்டும் தெரிந்தால் போதாது, கணக்குப் புத்தகமும் தன் கையில் இருக்கவேண்டும் என்று அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள்.

நஞ்சன்கூட்டுக்காரர் ஒருவர்

‘ராதா ரமணா’வைப் பார்த்ததாகச் சொன்னவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் அந்தப் படம் விட்டுச் சென்றதை கர்நாடகம் முழுவதும் பார்த்திருக்கிறது. இரண்டு இளைஞர்கள் அதில்தான் முதன்முதலாகத் திரையில் தோன்றினார்கள்.

ஒருவர் ஜி.வி.ஐயர். நாம் மாதம் ஒருமுறையாவது ஸ்ரீகண்டேஸ்வரரைச் சேவிக்கப் போகிறோமே, அதே நஞ்சன்கூட்டில் 1917ல் பிறந்தவர். நடிகராகத் தொடங்கிப் பாட்டெழுதி, கதை எழுதி, பின்னாளில் இயக்குநர் ஆனார். 1983ல் அவர் இயக்கிய ‘ஆதி சங்கராச்சாரியா’தான் முதல் சமஸ்கிருதத் திரைப்படம். அகில இந்திய அளவில் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பத்தாண்டு கழித்து ‘பகவத் கீதை’க்கும் அதே விருது.

இன்னொருவர் பாலகிருஷ்ணா. காது சரியாகக் கேட்காதவர். எதிரே நிற்பவரின் உதடு அசைவதைக் கண்ணால் பிடித்தே வசனம் பேசுவார் என்று சொல்வார்கள். வில்லனாகவும் சிரிப்பு நடிகராகவும் பல நூறு கன்னடப் படங்களில் நடித்தார். பெங்களூரில் அபிமான் ஸ்டூடியோவைக் கட்டியவரும் அவரே.

நம் மைசூரில் பிரீமியர் ஸ்டூடியோ வந்ததும் வெளியூர்ப் படக்குழுக்கள் குவிந்ததும் 1950களுக்குப் பிறகு நடந்தவை. அதற்கெல்லாம் முன்பே, ஸ்டூடியோகூட இல்லாத நாளில், ஒரு இளம்பெண் இவ்விருவருக்கும் கதவைத் திறந்துவிட்டார்.

நாயகி தாயானார்

திரையுலகில் ஆண்களுக்கு வயதாவதில்லை. பெண்களுக்கு மட்டும் சீக்கிரம் வயதாகிவிடுகிறது. சின்னப்பாவின் நாயகி 1960களில் அம்மா வேடத்துக்கு வந்துவிட்டார். ‘கர்ணனி’ல் மகனாக நடித்த சிவாஜியைவிட அவர் சில ஆண்டுகளே மூத்தவர்! இதில் வருத்தப்பட நியாயமுண்டு. ஆனால் கிடைத்த வேடத்தை அவர் குறைவாக நினைத்துச் செய்யவில்லை என்பதற்குக் குந்தியே சாட்சி.

பந்துலுவின் பத்மினி பிக்சர்ஸ் 1958ல் எடுத்த ‘ஸ்கூல் மாஸ்டர்’ கன்னடப் படத்தில் பந்துலுவும் ராஜம்மாவும் வயதான வாத்தியார் தம்பதி. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோரின் கதை. சிவாஜியும் அதில் கௌரவ வேடத்தில் வந்தார். தமிழில் அது ‘எங்கள் குடும்பம் பெரிசு’. கல்யாணமாகிப் போன பிள்ளைகளை எதிர்பார்த்துக் கண் பூத்திருக்கும் பெற்றோர் நம் சங்கத்திலும் உண்டு. அவர்களுக்கு அந்தப் படம் இன்றும் சுடும்.

அடுத்து ‘கர்ணன்’. போருக்கு முன் குந்தி தன் மகனைத் தேடி வருகிறாள். அவன் உயிருக்கே உலை வைக்கும் வரங்களைக் கேட்க வாய் எழவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. சிவாஜியின் வசனத்துக்கு எதிரே நிற்பது எந்த நடிகருக்கும் சோதனை. ராஜம்மா போட்டிக்குப் போகாமல் கண்ணாலேயே அந்தக் காட்சியைத் தாங்கிவிடுகிறார். போர்க்களத்தில் மகன் தலையை மடியில் எடுத்துக்கொண்டு, உலகம் கேட்க “என் மகன்” என்று அழும் இடத்தில் கண் கலங்காதவர் யார்?

எந்த மொழிக்காரர்?

எங்கள் வீட்டில் பேரன் பள்ளியில் கன்னடம் படிக்கிறான், பாட்டியிடம் தமிழ் பேசுகிறான். ஒருநாள் ‘கர்ணன்’ டிவியில் ஓடியபோது, குந்தியாக நடித்தவர் கர்நாடகத்துக்காரர் என்று சொன்னேன். “அப்போ அவங்க நம்ம ஆளா, அவங்க ஆளா, தாத்தா?” என்று கேட்டான். குழந்தை கேட்டதுதான். ஆனால் இந்த ஊரில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு அது சின்னக் கேள்வியல்ல. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மறக்க முடியாது. அப்போது பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் எத்தனையோ பேர் “நம்ம மனேகே பன்னி” என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டதையும் மறக்கக்கூடாது.

நான் பேரனுக்குச் சொன்ன பதில் இது: வீரபாண்டிய கட்டபொம்மனையும் (1959) கப்பலோட்டிய தமிழனையும் (1961) திரையில் நமக்குக் காட்டிய பந்துலு, கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். கப்பலோட்டிய தமிழன் வந்த அதே 1961ல் அவர் கன்னடத்தில் ‘கித்தூர் சென்னம்மா’வையும் எடுத்தார். இரண்டு மொழிக்கும் அந்தந்த மொழியின் சுதந்திர வீரர்களைக் கொடுத்தார். மண்டியா மாவட்டத்து மேலுகோட்டையில் பிறந்த ஜெயலலிதா, அவருடைய கன்னடப் படம் ‘சின்னத கொம்பெ’யில் நடித்துவிட்டுத்தான் தமிழுக்கு வந்தார். ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடியாக நடித்த பண்டரிபாய் பட்கல்காரர். ராஜம்மாவும் அந்த வரிசையில் ஒருவர். இவர்களை ஒரு பக்கம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னொரு பக்கத்துக்கு நஷ்டம். ஆகவே ‘நம்ம ஆளா, அவங்க ஆளா’ என்று பங்கு போட வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது

ராஜம்மா 1999ல் காலமானார். கன்னடத்தவர் அவரை முதல் பெண் தயாரிப்பாளர் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். நாம் அவர் பெயரைக்கூடக் கேட்டுவைக்காமல், அவர் முகத்தை மட்டும் வைத்திருக்கிறோம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த திரைப்பட மாலையில் ‘கர்ணன்’ போடுங்கள். அறிவிப்புத் தாளில் சிவாஜி பெயருக்குக் கீழே எம்.வி.ராஜம்மாவின் பெயரைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதுங்கள். அண்டை வீட்டுக் கன்னட நண்பர்களையும் கூப்பிடுங்கள். அவர்களில் வயதானவர் யாராவது ‘ராதா ரமணா’வைச் சிறுவயதில் பார்த்திருக்கக்கூடும். அப்படி ஒருவர் கிடைத்தால், காப்பி கொடுத்து உட்கார வைத்து, அவர் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.