பதில் பொத்தான் இல்லாத மேடை

தைவானுக்குள் ஊபர் நிறுவனம் நுழைந்தது 2013இல். ஓரிரு ஆண்டுகளிலேயே தலைநகர் தைபேயின் டாக்சி ஓட்டுநர்கள் கொதித்துப்போனார்கள். தொழில்முறை உரிமம், மஞ்சள் வண்ணம், மீட்டர் கட்டணம், காப்பீடு என அத்தனை விதிகளுக்கும் கட்டுப்பட்டு அவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்க, சொந்த கார் வைத்திருப்பவர்கள் செயலி வழியே சவாரி ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். பயணிகளோ அழைத்தவுடன் வந்து நிற்கும் வசதியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அப்போது இதே தகராறு உலகின் பல நகரங்களில் தெருவுக்கு வந்துவிட்டது. 2015 ஜூனில் பாரிஸ் ஓட்டுநர்கள் டயர்களைக் கொளுத்திச் சாலைகளை மறித்தார்கள்.

தைவான் அரசு வேறு வழியில் போனது. இணையத்தில் ஒரு விவாதத்தைத் திறந்து ஓட்டுநர், பயணி, ஆதரவாளர், எதிர்ப்பாளர் என எல்லோரையும் அழைத்தது. ஏறத்தாழ நான்கு வாரங்கள் பேச்சு நடந்தது. முடிவில், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கருத்துகளின் பட்டியல் ஒன்று அரசின் கையில் இருந்தது.

இணையத்தில் மக்கள் கூடினால் கைகலப்புதான் மிஞ்சும் என்று பலரும் நம்பத் தொடங்கிவிட்ட காலம் இது. அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதைத் தைவானின் பத்தாண்டு அனுபவம் காட்டுகிறது. சண்டை மூள்வதும் உடன்பாடு பிறப்பதும் பேசுகிறவர்களின் குணத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. பேசும் மேடை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தவை.

முப்பது விநாடியில் வெடித்த கோபம்

கதை 2014 மார்ச்சில் தொடங்குகிறது. சீனாவுடன் செய்துகொண்ட சேவை வர்த்தக ஒப்பந்தத்தை நாடாளுமன்றக் குழு விரிவாக ஆராய வேண்டியிருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், ஆய்வு முடிந்துவிட்டதாக 30 விநாடிகளில் அறிவித்துவிட்டு நகர்ந்தார். மறுநாள், மார்ச் 18ஆம் தேதி இரவு, மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 10 வரை அங்கிருந்து அவர்கள் அசையவில்லை. சூரியகாந்திப் போராட்டம் என்று வரலாற்றில் அது பதிவாகியிருக்கிறது.

உள்ளே நடந்தவற்றை நேரலையாக வெளியே காட்ட உதவியவர்கள் ‘கவ் ஸீரோ’ என்ற தன்னார்வ மென்பொருள் குழுவினர். அரசு வரவுசெலவுக் கணக்கை யாரும் எளிதில் புரிந்துகொள்ளும் வரைபடங்களாக மாற்றி இணையத்தில் வைத்து, 2012இல் தங்கள் வேலையைத் தொடங்கியவர்கள் அவர்கள்.

போராட்டம் நடந்த அதே ஆண்டு டிசம்பரில், அந்தக் குழு நடத்திய ஹேக்கத்தான் என்ற மென்பொருள் உருவாக்கக் கூடுகைக்கு ஜாக்லின் சாய் என்ற அமைச்சர் வந்தார். சட்டம் இயற்றுவதற்கு முன்பே மக்களும் அதிகாரிகளும் நிதானமாகப் பேசிக்கொள்ள ஒரு தளம் அமைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ‘வீதைவான்’ அப்படித்தான் பிறந்தது. போராட்டக்காரர்களுக்கு உதவிய ஆட்ரி டாங் என்ற மென்பொருளாளர் 2016இல், தமது 35ஆம் வயதில், தைவானின் டிஜிட்டல் அமைச்சரானார்.

கோபத்துக்கு வேகம் அதிகம்

வழக்கமான சமூக ஊடகத்தில் ஊபர் விவாதத்தை நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆய்வுகள் விடை தருகின்றன. துப்பாக்கிக் கட்டுப்பாடு, பருவநிலை மாற்றம் போன்ற தலைப்புகளில் வெளியான ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் அலசினார்கள். அறமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு பதிவின் பரவலை ஏறத்தாழ 20% கூட்டியது. மறு ஆண்டு எம்ஐடி குழு ஒன்று ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பொய்ச் செய்தி மறுபகிரப்படும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70% அதிகம் என்று தெரிந்தது. அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

இந்த ஆய்வுகள் வெளிவருவதற்கு முன்பே வீதைவான் வேறொரு கருவியைத் தேர்ந்தெடுத்திருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காலின் மெகில் உள்ளிட்டோர் உருவாக்கிய ‘போலிஸ்’ என்ற மென்பொருள் அது. இதில் ஒருவர் தம் கருத்தை ஓரிரு வரிகளில் எழுதலாம். மற்றவர்கள் ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’, ‘கடந்து செல்கிறேன்’ என்ற மூன்றில் ஒன்றை அழுத்தலாம். அவ்வளவுதான். பதில் எழுதும் பொத்தான் கிடையாது. எழுதியவரை ஏசவோ வம்புக்கு இழுக்கவோ இடமில்லை. ஒரு கருத்து பிடிக்கவில்லையா, அதைவிட நல்ல கருத்தை நீங்களே எழுதிப் பிறர் முன் வைக்க வேண்டும்.

பின்னணியில் வேலை செய்வது கணிதம். ஒவ்வொருவரின் வாக்குகளும் ஒரு வரிசை எண்களாகப் பதிவாகின்றன. 200 கருத்துகள் என்றால் ஒவ்வொருவரும் 200 பரிமாணங்கள் கொண்ட வெளியில் ஒரு புள்ளி. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு என்ற பழைய புள்ளியியல் முறை அதை இரண்டு பரிமாணங்களுக்குச் சுருக்குகிறது. குத்துவிளக்கின் உச்சியிலிருந்து டார்ச் அடித்தால் தரையில் விழும் நிழல் வெறும் வட்டம். பக்கவாட்டில் அடித்தால் அதன் முழு உருவமும் சுவரில் தெரியும். மக்களுக்கிடையிலான வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும் கோணம் எது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்த முறையின் வேலை. பிறகு ஒத்த கருத்துள்ள புள்ளிகளைக் கணினி குழுக்களாகப் பிரிக்கிறது. தாம் எந்தக் குழுவில் நிற்கிறோம், எதிர்த்தரப்பு எங்கே நிற்கிறது என்பதை வாக்களிப்பவர் அங்கேயே பார்க்கலாம்.

இதன் உயிர்நாடி அடுத்த படியில் இருக்கிறது. மொத்த வாக்குகளில் எது வென்றது என்று மட்டும் போலிஸ் பார்ப்பதில்லை. எல்லாக் குழுக்களிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை பெற்ற கருத்து எது என்று தேடி அதை முன்னிறுத்துகிறது. ஒரு தரப்பு ஆள்திரட்டிக்கொண்டு வந்தால் அதன் குழு மட்டும் பெரிதாகும். எதிர்த்தரப்பின் சம்மதம் கிடைத்துவிடாது.

ஊபருக்குக் கிடைத்த விடை

விவாதத்தின் தொடக்கத்தில் ஊபர் வேண்டும், வேண்டாம் என இரண்டு முகாம்கள் தெளிவாகப் பிரிந்து நின்றன. எதிர்முகாமின் ஆதரவும் கிடைத்தால்தான் தங்கள் கருத்து மேலே வரும் என்று புரிந்ததும், எழுதுகிறவர்களின் தொனி மாறியது. பயணிகளின் பாதுகாப்பு, காப்பீடு, வரி, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் இரு முகாம்களும் ஒரே பக்கம் நிற்பது வெளிப்பட்டது. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி டாக்சித் துறையும் தன் சேவைத் தரத்தை உயர்த்திக்கொள்ள அரசு வழிசெய்ய வேண்டும் என்ற கருத்துக்கு 95% ஆதரவு கிடைத்தது.

பிறகு ஊபர், டாக்சிச் சங்கங்கள், அதிகாரிகள், வல்லுநர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார, அந்தக் கூட்டம் நேரலையில் ஒளிபரப்பானது. மக்கள் ஒப்புக்கொண்ட கருத்துகளே நிகழ்ச்சி நிரல். 2016இல் விதிகள் திருத்தப்பட்டன. செயலி வழி இயங்கும் டாக்சிகள் மஞ்சள் வண்ணம் பூச வேண்டியதில்லை. ஆனால் மீட்டர் கட்டணத்துக்குக் கீழே போகக் கூடாது. ஓட்டுநரின் அடையாளத்தையும் உத்தேசக் கட்டணத்தையும் பயணிக்குக் காட்ட வேண்டும். விதிமீறலுக்கான அபராதங்கள் கடுமையானபோது ஊபர் 2017 பிப்ரவரியில் சேவையை நிறுத்தியது. ஏப்ரலில், உரிமம் பெற்ற வாடகைக் கார் நிறுவனங்களுடன் கைகோத்துத் திரும்பி வந்தது.

ஐயாயிரம் கையெழுத்து

இன்னொரு கதவும் திறந்தது. 2015இல் அரசே தொடங்கிய ‘ஜாயின்’ என்ற இணையதளத்தில் எவரும் கோரிக்கை வைக்கலாம். 60 நாட்களுக்குள் 5,000 பேர் ஆதரித்தால், உரிய துறை இரண்டு மாதங்களுக்குள் விடை சொல்லியே ஆக வேண்டும். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களுக்கும் பாத்திரங்களுக்கும் எதிராக 2017இல் அங்கே மனு வைத்தது ஒரு பள்ளி மாணவி. பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் துரித உணவகச் சங்கிலிகளிலும், உட்கார்ந்து சாப்பிடுவோருக்கு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் தரத் தடை 2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

அதே 2017இல், வருமான வரி தாக்கல் செய்யும் மென்பொருளைப் பயன்படுத்தவே முடியவில்லை என்று ஒரு வடிவமைப்பாளர் கடுஞ்சொற்களில் மனு எழுதினார். நிதித்துறை அதிகாரிகள் கோபப்படவில்லை. குறைசொன்ன எல்லோரையும் நேரில் அழைத்து, அடுத்த பதிப்பை அவர்களோடு சேர்ந்தே வடிவமைத்தார்கள். ஒவ்வோர் அமைச்சகத்திலும் மக்கள் பங்கேற்புக்கென்றே அலுவலர்கள் நியமிக்கப்பட்டிருந்ததால் இது சாத்தியமானது.

கொரோனா காலத்தில் இந்த ஏற்பாடு தன் வேகத்தைக் காட்டியது. 2020 பிப்ரவரி 6இல் முகக்கவசப் பங்கீடு தொடங்கியபோது, மருந்துக் கடைகளின் இருப்புக் கணக்கை 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்து அரசு பொதுவில் வைத்தது. எந்தக் கடையில் எத்தனை இருக்கிறது என்று காட்டும் வரைபடங்களைத் தன்னார்வலர்கள் உடனுக்குடன் உருவாக்கினார்கள். முகக்கவசத் தயாரிப்பால் கழிவறைக் காகிதம் தீர்ந்துவிடும் என்ற வதந்தி கிளம்பியதும், பிரதமர் சு செங்-சாங் தம்மையே கேலிச்சித்திரமாக வரைந்த மீம் ஒன்றைப் பகிர்ந்தார். இரண்டும் வெவ்வேறு மூலப்பொருள்களில் தயாராகின்றன என்ற விளக்கம் அதில் இருந்தது. வதந்திக்கு விரைவாக, 200 எழுத்துகளுக்குள், இரண்டு படங்களோடு மறுமொழி என்பது அப்போதைய அரசின் விதி.

நீரிணையின் அக்கரையில்

இதே கருவிகளை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். சீன அரசின் சார்பில் சமூக ஊடகங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 44.8 கோடி பதிவுகள் இடப்படுவதாக ஹார்வர்டின் கேரி கிங் குழு 2017இல் மதிப்பிட்டது. குறைகூறுவோரிடம் வாதிடுவது அவற்றின் நோக்கமே அல்ல. பாராட்டும் கொண்டாட்டமுமாகப் பதிவுகளைக் கொட்டி, மக்களின் கவனத்தைத் திசைதிருப்புவதே நோக்கம். குடிமக்கள் என்ன பேசுகிறார்கள் என்று அந்த அரசும் உன்னிப்பாகக் கேட்கத்தான் செய்கிறது. கேட்டதற்கு மக்களிடம் விடைசொல்லும் கடமை அதற்கு இல்லை.

தைவானின் ஏற்பாட்டிலும் பெரிய ஓட்டைகள் உண்டு. 2018 வரை வீதைவானில் பேசப்பட்ட 26 விவகாரங்களில் ஏறத்தாழ 80% அரசு நடவடிக்கைக்கு இட்டுச்சென்றன. ஆனால் அந்த முடிவுகளுக்குச் சட்ட வலிமை இல்லை. அமைச்சர் விரும்பினால் ஏற்கலாம், இல்லையேல் ஒதுக்கிவைக்கலாம். இதை நம்பி நேரம் செலவிட்ட தன்னார்வலர்கள் சோர்ந்தார்கள், தளமும் வேகம் இழந்தது. இணையத்தில் தாமாக வந்து வாக்களிப்பவர்கள் எல்லாத் தரப்பு மக்களுக்கும் பிரதிநிதிகளா என்ற கேள்வியும் நியாயமானது. முதியவர்களும், நாள் முழுக்க உழைத்துக் களைத்தவர்களும் அங்கே குறைவு.

இரண்டாவது குறைக்கு 2024இல் ஒரு தீர்வு முயலப்பட்டது. பிரபலங்களின் போலிக் காணொளிகளைக் காட்டி ஏமாற்றும் முதலீட்டு விளம்பரங்கள் பெருகியிருந்த நேரம். எழுந்தமானமாகத் தேர்ந்தெடுத்த இரண்டு லட்சம் கைப்பேசி எண்களுக்கு அரசு குறுஞ்செய்தி அனுப்பியது. முன்வந்தவர்களிலிருந்து மக்கள்தொகையின் வயது, பாலினம், வட்டாரம் ஆகியவற்றுக்கு ஏற்ப சுமார் 450 பேரைத் தேர்ந்தெடுத்து, சிறு குழுக்களாகக் காணொளியில் விவாதிக்க வைத்தது. விளம்பரதாரரின் அடையாளத்தைச் சமூக ஊடகத் தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்பதில் அவர்களிடம் வலுவான உடன்பாடு இருந்தது. ஜூலையில் மோசடித் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. விளம்பரத்தைக் கொடுத்தது யார், பணம் செலுத்தியது யார் என்பதைத் தளங்கள் இப்போது வெளிப்படுத்தியாக வேண்டும்.

தைவானைப் பின்பற்ற நினைக்கும் நாடுகளுக்குத் தொழில்நுட்பம் தடையே இல்லை. போலிஸ் மென்பொருளின் மூலநிரல் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தே கிடக்கிறது. மாறுபட்ட அணிகளின் ஒப்புதலைத் தேடும் அதே தத்துவத்தில்தான் இன்று எக்ஸ் தளத்தின் ‘கம்யூனிட்டி நோட்ஸ்’ வசதியும் இயங்குகிறது. மனுவுக்கு விடைதரக் கெடு, அதற்குப் பொறுப்பான அதிகாரி, அவரது முடிவை மக்கள் பார்க்கும்படி வெளியிடும் கட்டாயம் ஆகிய மூன்றுக்கும் கணினி தேவையில்லை, அரசாணை போதும். புகார் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லும் அரசுகள் முதலில் பிறப்பிக்க வேண்டிய ஆணை அதுவே.